அண்ணாமலை நகருக்கு ஒரு சட்டக் கல்லூரி. அதற்கு ஒரு முன்சீப்பின் பெயர்

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, ஒருகாலத்தில் வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் எழுந்தது அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929-ல் பல்கலைக்கழகமானது. தமிழும் இசையும் அதன் இரு கண்களாக இருந்தன. பிறகு பொறியியல், வேளாண்மை, கல்வியியல், மருத்துவம், பல் மருத்துவம் எனத் துறைகள் பெருகின. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆய்வு மையமும் வந்தது. இவ்வளவும் வளர்ந்த வளாகத்தில், வழக்கறிஞர்களை உருவாக்கும் நேரடிச் சட்டக் கல்லூரி மட்டும் அவற்றோடு சேர்ந்து வளரவில்லை. சட்டம் இங்கே தபாலில்தான் போனது.

தொலைநிலைக் கல்வி இயக்ககத்தின் பி.ஜி.எல். (பொதுச் சட்டப் பட்டம்) படிப்பைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. அரசு அலுவலர்கள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள் எனப் பலர் வேலையில் இருந்தபடியே அந்தப் பாடப் புத்தகங்களை வரவழைத்துப் படித்தார்கள். சட்டத்தை அறிந்துகொள்ள அது நல்ல வழி. ஆனால், அந்தப் பட்டத்தை வைத்துப் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய முடியாது. கறுப்புக் கோட்டு அணிய விரும்பும் கடலூர் மாவட்டத்துப் பிள்ளை விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ செங்கல்பட்டுக்கோ திருச்சிக்கோதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும்.

இந்த வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. 1942 முதல் 1948 வரை இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த எம். ரத்தினசாமி, அதற்கு முன் சென்னை சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். 1950-களில் துணைவேந்தராக வந்த சர் சி.பி. ராமசாமி ஐயர், சென்னை மாகாணத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர்களில் ஒருவர். சட்டம் அறிந்தவர்களே தலைமையேற்ற காலத்திலும் சட்டத்துக்கென ஒரு கட்டிடம் இங்கே எழவில்லை. அந்தக் குறையை இப்போதாவது தீர்க்க வேண்டும். அண்ணாமலை நகரில் ஓர் அரசு சட்டக் கல்லூரி வேண்டும். அதற்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் பெயரைச் சூட்ட வேண்டும். இரண்டு கோரிக்கைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மெல்ல நகர்ந்த கதவு

தமிழ்நாட்டில் சட்டக் கல்வி எவ்வளவு மெதுவாகப் பரவியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை சட்டக் கல்லூரி 1891-ல் தொடங்கியது. அடுத்த சட்டக் கல்லூரி மதுரையில் வந்தது 1974-ல். இடையில் 83 ஆண்டுகள். அந்த 83 ஆண்டுகளும் சென்னையில் தங்கிப் படிக்க வசதியிருந்தவர்களின் பிள்ளைகளே பெரும்பாலும் வக்கீல்கள் ஆனார்கள். அவர்களிலிருந்தே நீதிபதிகளும் வந்தார்கள். மதுரைக்குப் பிறகு கோவை, திருச்சி, 1996-ல் திருநெல்வேலி, 2002-ல் செங்கல்பட்டு, 2008-ல் வேலூர் என்று கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. 2017-ல் விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் கல்லூரிகள் கிடைத்தன. இரண்டாண்டுகள் கழித்து சேலம், நாமக்கல், தேனிக்கும் கிடைத்தன.

ஒரு கல்லூரி பக்கத்தில் வந்தால் என்ன மாறும்? முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வீட்டில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். வெளியூரில் விடுதிச் செலவு என்றதும் முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பு. பஸ்ஸில் போய்விட்டு மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் கல்லூரி இருந்தால் அவள் படிப்பாள். காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் அண்ணாமலை நகருக்கு நாள்தோறும் மாணவர்கள் வந்து போகிறார்கள். கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சிதம்பரம் கூப்பிடு தூரம்தான்.

வழக்குகளால் ஆன மாவட்டம்

கல்லூரி எங்கே இருந்தாலென்ன, சட்டப் புத்தகம் ஒன்றுதானே என்று கேட்கலாம். மருத்துவக் கல்லூரியை மருத்துவமனையிலிருந்து பிரித்து எண்ணிப் பார்க்க முடியாது. சட்டக் கல்லூரிக்கும் அதைச் சுற்றி வாழ்கிற மக்களின் வழக்குகள்தான் பாடம். அந்த வகையில் கடலூர் மாவட்டத்துக்கு இணையான வகுப்பறை அரிது.

தில்லை நடராசர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கோயில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றப் படியேறி நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1890-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் முத்துசாமி ஐயரும் ஷெப்பர்டும் அடங்கிய அமர்வு, இது தொன்றுதொட்டுப் பொதுமக்கள் வழிபடும் இடம், தீட்சிதர்களின் தனிச்சொத்து என்பதற்குச் சான்றில்லை என்று கண்டது. 1951-ல் அதே உயர் நீதிமன்றம், பொது தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவினர் என்று ஏற்று அரசின் தலையீட்டைத் தடுத்தது. 2009-ல் அரசு செயல் அலுவலரை நியமித்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அரசமைப்புச் சட்டத்தின் 25, 26-வது பிரிவுகளைப் படிக்கும் மாணவருக்கு இதைவிட முழுமையான பாடம் கிடைக்காது. கல்லூரி வாசலிலிருந்து ஆட்டோவில் ஏறினால் கீழவீதியில் இறங்கிவிடலாம்.

இந்த ஊரின் சட்ட வரலாற்றில் காயங்களும் உண்டு. 1992-ல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அவருடைய மனைவி அதே நிலையத்தில் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளானார். மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே விருத்தாசலம் அருகே முதனை கிராமத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டு, காவலில் உயிரிழந்தார். அவர் தப்பியோடிவிட்டதாகச் சொல்லப்பட்டது. அவருடைய மனைவிக்காக ஆள்கொணர்வு மனு தாக்கல் செய்து, கட்டணம் வாங்காமல் வழக்காடியவர், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு. 2006 வரை இழுத்த அந்தச் சட்டப் போராட்டத்தை ‘ஜெய்பீம்’ திரைப்படம் உலகுக்குச் சொன்னது.

அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். விருத்தாசலத்துப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு நியாயம் கேட்கச் சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர் வேண்டியிருந்தது. சந்துரு போன்றவர் வாய்த்தது அந்தப் பெண்ணின் துணிவாலும் தோழர்களின் துணையாலும். அப்படி யாரும் வாய்க்காத வழக்குகள் எத்தனை என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

இன்றைக்கும் மாவட்டத்தின் எந்தத் திசைக்குப் போனாலும் ஒரு சட்டக் கேள்வி நிற்கிறது. நெய்வேலியைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் இழப்பீட்டையும் வேலையையும் கேட்டு நிற்கிறார்கள். 2023-ல் வளையமாதேவியில் விளைந்த நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ளவர்கள் குடிக்கும் நீரையும் மூச்சுவிடும் காற்றையும் பற்றிப் பல ஆண்டுகளாக மனு எழுதுகிறார்கள். சுனாமிக்குப் பிறகு கரையோர மக்களுக்கு வீட்டுமனையும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் தீராத பேச்சு. கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே ஒரு வழக்கு நடத்துவதற்குச் சமம்.

வாய்தாவுக்கு வந்தவர்கள்

எந்தத் தாலுகா நீதிமன்ற வளாகத்திலும் காலை பத்தரை மணிக்கு நின்று பாருங்கள். மஞ்சள் பைக்குள் பட்டா நகலும் சிட்டாவும், மடிப்பில் கிழிந்துபோன ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமும். குமாஸ்தா வக்காலத்துப் படிவத்தை நீட்டி, “ஆயா, இங்க ஒரு கைநாட்டு, இங்க ஒண்ணு” என்கிறார். மூதாட்டி எதற்கென்று கேட்காமல் வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்கிறார். உள்ளே டவாலி மூன்று முறை பெயர் கூப்பிடுகிறார். சில நிமிடங்கள் ஆங்கிலமும் தமிழும் கலந்து ஏதோ பேச்சு. வெளியே வந்ததும், “என்னா தம்பி ஆச்சு?” என்கிறார் மூதாட்டி. “வாய்தா ஆயா. அடுத்த மாசம் வாங்க.” ஏன் வாய்தா, யார் கேட்டது, எதிர்தரப்பு என்ன சொன்னது, எதுவும் அவருக்குத் தெரியாது. தன் நிலத்தைப் பற்றிய வழக்கில் தனக்குப் புரிந்த ஒரே சொல் வாய்தா என்ற நிலையில் அவர் பஸ் ஏறுகிறார்.

இதற்கு அந்தக் குமாஸ்தாவையோ வக்கீலையோ குறைசொல்லிப் பயனில்லை. சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டு, ஆங்கிலத்தில் தீர்ப்பாகிறது. நடுவில் நிற்கும் வழக்கறிஞர் அதைத் தமிழில் விளக்கப் பயிற்சி பெற்றதே இல்லை. கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்தத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் வழியிருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் நிறைவேற்றியது. ஒப்புதல் இன்றுவரை வரவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய குற்றவியல் சட்டங்களின் பெயரையே நம் ஊர்க் காவலரும் வழக்கறிஞரும் திக்கித் திணறித்தான் சொல்கிறார்கள். 2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது என்பது ஆறுதல். ஆனால், அந்தத் தமிழைச் செம்மைப்படுத்தி, மக்கள் நாவில் புழங்கவைக்க ஒரு கல்விக்கூடம் வேண்டாமா?

பெயரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள்

சட்டக் கல்லூரிக்கு நீதிபதியின் பெயரைச் சூட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த வழக்கம் கற்றுத்தரும் பாடமும் உண்டு.

கலிபோர்னியா மாநிலத்தின் முதல் தலைமை நீதிபதி செரானஸ் கிளின்டன் ஹேஸ்டிங்ஸ். அவர் 1878-ல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து சான்பிரான்சிஸ்கோவில் சட்டக் கல்லூரியை நிறுவினார். 140 ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி அவர் பெயரிலேயே இயங்கியது. அந்தப் பணக்காரரின் பண்ணை நிலங்களைச் சுற்றி 1850-களின் இறுதியில் யூகி பழங்குடி மக்கள் கொன்று குவிக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு இருந்தது என்பதை வரலாற்றாய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். மாநிலச் சட்டமன்றமே சட்டம் இயற்றி, 2023 ஜனவரி முதல் அந்தப் பெயரை எடுத்துவிட்டது. சிகாகோவில் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் பெயரில் 1899 முதல் இருந்த சட்டக் கல்லூரியும், அவர் ஏராளமான அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் என்ற காரணத்தால் 2021-ல் அவர் பெயரைக் கைவிட்டது. பதவியின் உயரத்தை மட்டும் பார்த்துச் சூட்டிய பெயர் என்றைக்காவது ஒருநாள் கணக்குக் கேட்கப்படும்.

நம் நாட்டில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. சத்தீஸ்கர் மாநிலம் பிறந்த சில ஆண்டுகளில், 2003-ல், ராய்ப்பூரில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவியபோது, நீதிபதி ஹிதாயதுல்லாவின் பெயரைச் சூட்டினார்கள். இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1969-ல் தற்காலிகக் குடியரசுத் தலைவராகவும் பின்னர் குடியரசுத் துணைத் தலைவராகவும் இருந்தவர். இவற்றையெல்லாம்விட ராய்ப்பூருக்கு முக்கியம், அவர் அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர் என்பது. அந்த மண்ணில் படித்த பையன் நாட்டின் தலைமை நீதிபதியானான் என்று அங்கே படிக்க வரும் பழங்குடி மாணவருக்கும் அந்தப் பெயர் சொல்லும்.

அண்ணாமலை நகருக்கு எந்தப் பெயர் அப்படிச் சொல்லும்?

முதலில் நினைவுக்கு வருபவர், தில்லைக் கோயில் வழக்கில் தீர்ப்பளித்த அதே திருவாரூர் முத்துசாமி ஐயர். 1832-ல் வறுமையில் பிறந்தவர்; சிறுவனாக இருந்தபோது கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்; சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. அவருடைய நியமனத்தை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்தபோது, பதில் சொல்வதற்காகவே சில இளைஞர்கள் 1878 செப்டம்பரில் ‘தி இந்து’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். உயர் நீதிமன்றத்துக்குள் இன்றும் வெறுங்காலோடு அமர்ந்திருக்கிறது அவர் சிலை. அடுத்தவர் நீதிபதி ஏ. வரதராஜன். ஜோலார்பேட்டையில் பிறந்து, மாவட்ட முன்சீப்பாகப் பணியைத் தொடங்கி, 1973-ல் உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1980-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானவர். கல்லூரியின் மாதிரி நீதிமன்ற அரங்குக்கு முத்துசாமி ஐயர் பெயரும், நூலகத்துக்கு வரதராஜன் பெயரும் நிச்சயம் இடம்பெற வேண்டும்.

கல்லூரியின் முகப்பில் எழுத வேண்டிய பெயர் மட்டும் உயர் நீதிமன்றத்தை எட்டாத ஒருவருடையது.

தமிழில் தீர்ப்புகளைத் தந்தவர்

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-ல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியைத் தொடங்கினார். ஆங்கிலேயர் நீதிபதி ஒரு பக்கம், தமிழ் மட்டுமே அறிந்த சாட்சி மறுபக்கம், நடுவில் மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல் பிசகினால் ஒருவன் சிறைக்குப் போவான் என்பதை அந்த நாற்காலியில் இருந்து பார்த்தவர் அவர். பிறகு முன்சீப்பானார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் பணியாற்றி, மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார். ஊரின் பெயரே அவர் பெயரின் முன்னொட்டானது. இதே தரங்கம்பாடியில்தான் முத்துசாமி ஐயரும் இளவயதில் முன்சீப்பாக இருந்தார். கொள்ளிடத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு சிறு நீதிமன்றம் இரு பெரும் நீதிமான்களை உருவாக்கியது என்பது இந்த வட்டாரத்தின் பெருமை.

வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியராகவே பள்ளிப் பாடப்புத்தகம் அறிமுகப்படுத்துகிறது. 1879-ல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அந்தப் பெருமைக்கு உரியதுதான். ஆனால், அதற்கும் முன்பே அவர் செய்த ஒரு வேலை சட்டத் துறைக்கே மறந்துவிட்டது. 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வெளியான, உயர் நீதிமன்றத்துக்கு முன்னிருந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டி, சுருக்கி, தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். அரசு கேட்டுச் செய்த வேலை இல்லை. இந்தத் தீர்ப்புகளின்படிதான் தன் வழக்கு முடிவாகப்போகிறது என்றால் அவை என்ன சொல்கின்றன என்று தமிழனுக்குத் தெரிய வேண்டும் என்ற ஒரே அக்கறை. தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழ் வழக்காளிக்காகத் தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுவதன் பொருத்தமின்மையைத் தன் நாவலிலும் எழுதினார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த மூதாட்டி வாய்தா என்ற ஒரு சொல்லோடு பஸ் ஏறுகிறார் என்றால், வேதநாயகம் பிள்ளை தொடங்கிய வேலையை நாம் தொடரவில்லை என்றுதான் பொருள்.

அவர் நீதி நீதிமன்றத்தோடு முடிந்துவிடவில்லை. பெண்கல்விக்காக 1869-ல் ‘பெண்மதி மாலை’ எழுதினார். தாது வருஷப் பஞ்சத்தில் தன் சொத்தைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் திறந்தார். அந்தக் கொடையைக் கண்டு நெகிழ்ந்து பாடியவர், தில்லைக்குப் போகத் துடித்த நந்தனின் சரித்திரத்தைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி. கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளை எல்லாச் சமயத்தவரும் பாடும்படி ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ இயற்றினார். தமிழிசைக்காகத் தனி இயக்கமே கண்ட பல்கலைக்கழக வளாகத்துக்கு அவர் எந்த வகையிலும் அந்நியர் அல்லர். அவருடைய உற்ற நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மகாவித்துவானின் மாணவராக மாயூரத்தில் இருந்தபோது வேதநாயகம் பிள்ளையை நேரில் கண்டு பழகிய உ.வே. சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அந்தத் தொடர்பின் நூல் அறுபடாமல் அண்ணாமலை நகர்வரை வருகிறது.

ஒரு முன்சீப்பின் பெயரைக் கல்லூரிக்கு வைப்பதா என்று சிலர் தயங்கலாம். அந்தத் தயக்கமே நம் நோயைக் காட்டுகிறது. வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு, ஜீவனாம்சம், செக் மோசடி, சிறு அடிதடி வழக்கு. பெரும்பாலான மக்களின் நீதி முன்சீப் நீதிமன்றத்திலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலுமே தொடங்கி அங்கேயே முடிகிறது. மேல்முறையீட்டுக்குச் சென்னை போக அவர்களிடம் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. அந்த முதல் படியில் அமர்பவர் நேர்மையாளராகவும் மக்கள் மொழி அறிந்தவராகவும் இருந்தால், மேலே உள்ள படிகளின் பாரம் பாதி குறையும். முன்சீப்பின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் படித்தவர், தாலுகா நீதிமன்றத்தில் தொழில் நடத்துவதைத் தாழ்வாக நினைக்கமாட்டார்.

கட்டிடம் மட்டும் போதாது

கல்லூரி தொடங்குவது எளிது. அதைக் கல்லூரியாக நடத்துவது கடினம். அரசு சட்டக் கல்லூரிகளில் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பது உயர் நீதிமன்றம்வரை பேசப்பட்ட செய்தி. கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக் காலத்தை ஓட்டும் இன்னொரு கல்லூரி கடலூருக்கு வேண்டியதில்லை. முதல் மாணவர் சேர்க்கைக்கு முன்பே நிரந்தரப் பேராசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும்.

இடமும் வசதியும் அண்ணாமலை நகரில் இருக்கின்றன. 2013-ல் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு அதிகமான பணியாளர்கள் வேறு அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2021-ல், மாணவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, இங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்து கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியானது. அரசு மனது வைத்தால் இந்த வளாகத்தில் அரசுக் கல்லூரியை நடத்த முடியும் என்பதற்கு அதுவே கண்முன் உள்ள சாட்சி.

புதிய கல்லூரிக்கு வேதநாயகம் பிள்ளையின் பெயர் வெறும் பலகையாக நின்றுவிடக் கூடாது. அந்தப் பெயர் பாடத்திட்டத்திலும் தெரிய வேண்டும். முதலாவதாக, சட்டத் தமிழ் இங்கே கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். வாதுரை, எதிருரை, பிரமாணப் பத்திரம், ஜாமீன் மனு ஆகிய ஒவ்வொன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரியாமல் ஒருவரும் பட்டம் பெறக் கூடாது. ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரிலேயே ஆண்டுதோறும் முக்கியத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் வெளியிடும் பணியைக் கல்லூரி ஏற்க வேண்டும். பக்கத்துக் கட்டிடத்தில் தமிழியல் துறை இருக்கிறது. தமிழறிஞரும் சட்ட ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய முடிகிற இடங்கள் நம் மாநிலத்தில் அதிகம் இல்லை.

இரண்டாவதாக, சட்ட உதவி மையம். பார் கவுன்சில் விதிகள் ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் அதைக் கேட்கின்றன. பல இடங்களில் அது ஒரு பெயர்ப்பலகை, ஒரு பூட்டிய அறை. 1976-ல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் எனப் பலருக்கு அதை உரிமையாக்கியது. அந்த உரிமை கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் யாராவது நடந்து போக வேண்டும். ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் ஒரு கிராமத்தை ஒதுக்கலாம். கிள்ளையில் இருளர் குடும்பங்களுக்குச் சான்றிதழ் விண்ணப்பம், பரங்கிப்பேட்டையில் மீனவர் வீட்டுமனை, நெய்வேலிப் பக்கத்தில் இழப்பீட்டு மனு, விருத்தாசலம் பக்கத்தில் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டவருடன் துணைக்குப் போவது. படிப்புக் காலம் முழுவதும் ஒரே ஊரோடு பழகிய மாணவர் அந்த ஊரின் வக்கீலாகவே வெளிவருவார்.

மூன்றாவதாக, யார் படிக்கிறார்கள் என்பது. 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்துவிட்டார். அந்த மரபின் வாரிசுகளே இக்கல்லூரியின் வகுப்பறையை நிரப்ப வேண்டும். இட ஒதுக்கீடு சட்டப்படி வரும். அதற்கு மேல், விடுதியும் உதவித்தொகையும், பட்டம் பெற்ற பிறகு சீனியரிடம் வருமானமில்லாமல் கழியும் முதல் சில ஆண்டுகளைத் தாங்க ஓர் ஊக்கத்தொகையும் வேண்டும். முதல் தலைமுறை வழக்கறிஞர்கள் பலர் தொழிலை விட்டு விலகுவது கல்லூரியில் அல்ல, அந்த ஆண்டுகளில்தான்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்றே பதில். நீதி கிடைக்காத மாவட்டத்துக்கு ஆகும் செலவை யாரும் கணக்கிடுவதில்லை. தலைமுறைகளாக இழுக்கும் நில வழக்குகளால் தரிசாகும் வயல்கள், காவலில் இழந்த உயிர்கள், அதற்காக அரசே பின்னால் கொடுக்கும் இழப்பீடுகள். இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு சட்டக் கல்லூரியின் செலவு பெரியதல்ல.

தமிழ்நாடு சட்டத் துறையும் உயர்கல்வித் துறையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டிய நேரம் இது. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம், கடலூர் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து இந்தக் கோரிக்கையை அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே எழுப்ப வேண்டும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம். வேதநாயகம் பிள்ளை பிறந்த இருநூறாவது ஆண்டு 2026. அரசு அவருக்குச் சிலை வைக்கலாம், விழா எடுக்கலாம். அவர் பெயரில் அண்ணாமலை நகரில் ஒரு சட்டக் கல்லூரியை அறிவிப்பதே அவருக்குச் செய்யும் சரியான மரியாதை. அரசு அதைச் செய்ய வேண்டும்.